ஆன்லைன் வகுப்பில் பிள்ளைகள் ஏன் பேசுவதில்லை?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "என் மகள் சென்னை ஆசிரியரிடம் ஆன்லைனில் தமிழ் படிக்கிறாள். நேரில் ஓயாமல் பேசுகிறவள், அந்த வகுப்பில் வாயே திறப்பதில்லை. வகுப்பும் பிடிக்கவில்லை என்கிறாள். ஏன்?"

டேட்டா விலை, மின்வெட்டு, கூச்சம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு: ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு.

இருவர் பேசும்போது, ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க ஆகும் இடைவெளி சுமார் 200 மில்லிநொடி, அதாவது நொடியில் அந்த ஐந்தில் ஒரு பங்குதான். 2009-இல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஆய்வில் எல்லாமே இதையொட்டியே இருந்தன. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே நமக்குச் சுமார் 600 மில்லிநொடி வேண்டும்! பிறகு எப்படி அவ்வளவு சீக்கிரம் பதில் வருகிறது? எதிரே இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே, வாக்கியம் எங்கே முடியும் என்று கணித்து, பதிலைத் தயாராக வைத்துவிடுகிறோம். யாரும் சொல்லித்தராமல் நமக்குக் கைவந்த இந்தத் திறமையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆன்லைனில் இந்தத் தாளம்தான் கெடுகிறது. சென்னைக்கும் டர்பனுக்கும் சுமார் 7,000 கி.மீ.; கண்ணாடி இழையில் ஒளிக்கு அது 35 மில்லிநொடி. கேபிள் சுற்றிப் போவது, படத்தைச் சுருக்குவது, சர்வர், முன்பின்னாக வரும் தரவுகளைத் தேக்கி வரிசைப்படுத்துவது என்று தாமதம் ஏறும். ஒரு வழிக்கு 300 என்று வைத்துக்கொள்வோம். மாணவி சரியாக 200-இல் பதில் சொன்னாலும் ஆசிரியர் காதில் விழ 800 ஆகிவிடும். 'தெரியவில்லை போலிருக்கிறது' என்று அவர் அதற்குள் அடுத்த வாக்கியத்துக்குப் போயிருப்பார். குரல்கள் மோதும், இருவரும் நிறுத்துவார்கள். நாலு தரம் இப்படி நடந்தால் எந்தப் பிள்ளையும் மைக்கை அணைத்துவிடும். வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்குத் தமிழ்ச் சொல்லைத் தேடவும் நேரம் வேண்டும்.

தூரம் மட்டுமே பிரச்சினை என்றால் தபால்வழிக் கல்வி எப்போதோ தோற்றிருக்கும். தென்னாப்பிரிக்காவின் யூனிசா பல்கலைக்கழகம் 1946-இலிருந்து தொலைவிலிருந்தே கற்பிக்கிறது. சிறையில் இருந்தபடியே மண்டேலா 1989-இல் அதன் சட்டப் பட்டம் பெற்றார். கடிதத்துக்கு யாரும் 200 மில்லிநொடியில் பதிலை எதிர்பார்ப்பதில்லை.

ஆசிரியரோடு உறவாட முடிகிறதா என்பது மாணவர் திருப்தியோடு நெருக்கமாகப் பிணைந்தது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. ஆனாலும் பணமெல்லாம் பளபளப்பான வீடியோவுக்கே போகிறது. பதில் சொல்ல நேரமுள்ள ஆசிரியர்களுக்கு அது போகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, இப்போதைக்கு என்ன செய்யலாம்? கேள்வி கேட்டபின் மூன்று நொடி காத்திருந்தாலே பதில்கள் நீள்கின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே நேரடி வகுப்புகளில் கண்டார். ஆன்லைனில் ஐந்து நொடி கொடுங்கள், பெயர் சொல்லிக் கேளுங்கள் என்று ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள். அப்புறம், குரல் பதிவாகப் பதில் அனுப்பவும் மகளை அனுமதிக்கச் சொல்லுங்கள்.