கேபினெட்: கணினியின் கூடு

காரைக்குடியில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறவரோ, வீடியோ எடிட்டரோ, பழைய குடும்பப் படங்களை ஸ்கேன் செய்து சீர்செய்கிறவரோ, யார் புதுக் கணினி சேர்க்கக் கிளம்பினாலும் பட்டியல் ஒரே வரிசையில்தான் போகும். பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, ராம். கடைசியில் மிச்சமிருக்கும் காசுக்கு ஒரு ‘கேபினெட்’. அப்புறம் ராத்திரி வேலையில் காதைக் குடைவது அந்தக் கடைசி வரிதான்.

கேபினெட் என்பது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். சிறிய தனியறை என்று பொருள். அரும்பொருள்களை வைத்துப் பூட்டும் அலமாரிக்கும் அதே பேர் வந்தது. அரசர் தமக்கு நெருக்கமானவர்களோடு தனியறையில் கலந்து பேசுவார். நாளடைவில் அறையின் பேர் அந்த ஆட்களுக்கே ஆகிவிட்டது. அதனால்தான் நாளிதழில் ‘கேபினெட்’ என்றால் அமைச்சரவை, கடையில் கேபினெட் என்றால் தகரப் பெட்டி.

கடைக்கு வெளியே அதற்கு இன்னொரு பேர், ‘சிபியூ’. “அண்ணே, சிபியூ ரொம்பச் சத்தம் போடுது” என்று சொல்லாதவர் குறைவு. சிபியூ, அதாவது பிராசஸர், பாடநூல் தமிழில் மையச் செயலகம், உள்ளங்கையில் அடங்கும் சில்லு. அது சத்தம் போடாது. சத்தம் வருவது விசிறியிலிருந்து, ஹார்ட் டிஸ்கிலிருந்து, இரண்டின் அதிர்வையும் வாங்கிப் பெருக்கும் மெல்லிய தகரத்திலிருந்து. பேர் தப்பாக இருப்பதால் வைத்தியமும் தப்பாகிறது: இருப்பதைவிட வேகமான சிபியூ போட்டு, சூட்டையும் கூட்டிக்கொள்கிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘பெட்டி’ கைவசம் இருக்கிறது. ஐடி வேலைக்கே ‘பொட்டி தட்டுறது’ என்று பேர் வைத்த ஊர் நம்முடையது. நோவாவின் பேழை, வங்கியின் பாதுகாப்புப் பெட்டகம் என்று மற்றவையும் உண்டு. ஆனால் இவையெல்லாம் மூடி வைப்பதற்கான சொற்கள். செட்டிநாட்டுக்காரருக்குப் பெட்டகம் என்றால் பூட்டும் கனமும்தான் நினைவுக்கு வரும். கணினிக்கு அந்த இலக்கணம் ஆகாது; காற்று புகுந்து வெளியேற வேண்டும்.

என் ஓட்டு ‘கூடு’ என்ற சொல்லுக்கு. தேன்கூடு, மைக்கூடு, எலும்புக்கூடு, குருவிக்கூடு என எதையோ தாங்கி நிற்பதும், உள்ளே இருப்பதற்கு இடம் தருவதும் கூடு. உடம்புக்கும் அந்தப் பேர் உண்டு. கணினிக்கூடு என்று சேர்த்தே எழுதலாம்.

இந்தக் கூட்டைத் தேர்ந்தெடுக்க நம் பக்கத்துப் பழைய வீடுகளே போதுமான பாடம். முகப்பில் நின்றால் பின்வாசல் வரை நேர்கோடாகத் தெரியும். நடுவில் வளவு, அதாவது முற்றம், வானம் பார்த்துத் திறந்திருக்கும். காற்று முன்னால் புகும், சூடு மேலே ஏறிப் போகும். கணினிக்கூட்டிலும் அதே வழிதான்: முன்னால் இழுக்கும் விசிறிகள், பின்னாலும் மேலேயும் வெளியேற்றம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு விளக்கு மினுக்கும் கூடுகள் பார்க்க அழகு. வாசலை அடைத்துவிட்டுக் கோலம் போட்ட கதை. பஞ்சு ஒட்டிய ‘சைலன்ட்’ கூடுகளும் குளிரூட்டிய அறைக்கே சரி. கத்திரி வெயிலில் மூடிய முகப்புக்குப் பின்னால் விசிறிகள் தலைதெறிக்க ஓடும். வலைமுகப்பு வாங்குவதே மேல்.

விசிறி பெரிதானால் மெதுவாகச் சுற்றியே அதே அளவு காற்றைத் தள்ளும். ஒரே விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும் என்பது பொறியாளர்களின் கணக்கு. ஆகவே 120 மி.மீ. விசிறிகளை விரட்டுவதைவிட, இடமிருந்தால் 140 மி.மீ. விசிறிகளை மெதுவாக ஓட்டலாம். வெளியேறுவதைவிட உள்ளே வரும் காற்று சற்று அதிகமாக இருக்கட்டும். அப்போதுதான் இண்டு இடுக்கில் புழுதி புகாமல் வடிகட்டி வழியாகவே காற்று வரும். அந்த வடிகட்டி கையால் உருவி எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். வெயில் காலத்தில் உருவிப் பாருங்கள்: செம்மண் தூசியும் துணிநாரும் சேர்ந்து கம்பளி மாதிரி சுருளாக வரும். பெருக்கித் துடைக்கும் ஆத்தங்குடித் தரையில் கூட்டை நேராக வைக்காமல், ஒரு முக்காலியில் ஏற்றினால் பாதித் தொல்லை குறையும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். வேலை நடக்கும் கோப்புகளுக்கு எஸ்எஸ்டி, சுழலும் தட்டு இல்லாத, சத்தம் போடாத சேமிப்பகம். ஹார்ட் டிஸ்க் கட்டாயம் என்றால் ரப்பர் வளையத்தில் உட்கார வையுங்கள். பவர் சப்ளையில் கஞ்சத்தனம் வேண்டாம். சுமை குறைவானால் விசிறியை நிறுத்திக்கொள்ளும் வகை, 10 வருட உத்தரவாதத்தோடும் கிடைக்கிறது. யூபிஎஸ் இல்லாமல் எடிட்டிங்கில் உட்காராதீர்கள்.

கூடு என்ற சொல் நீடித்த உழைப்புக்கும் பொருந்துகிறது. கதையில் கூடு விட்டுக் கூடு பாய்வார்கள். இங்கே கூடு அப்படியே இருக்கும், உள்ளே உயிர்தான் மாறும். 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவில், அதாவது 305 × 244 மி.மீ., இன்றும் மதர்போர்டு, எல்லா உறுப்புகளையும் இணைக்கும் பலகை, வருகிறது. சில்லு நிறுவனமான ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட், அதாவது போர்டில் பிராசஸர் உட்காரும் இடம், 2016-இல் வந்தது. 2022-இல் வந்த அவர்களுடைய 5800எக்ஸ்3டி பிராசஸரும் அதில்தான் உட்கார்ந்தது. பழைய போர்டுகள் பலவற்றுக்கு, அவற்றின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தாலே போதுமாக இருந்தது. ஆகவே பட்டியலை முதலில் கூட்டிலிருந்து எழுதுங்கள். கடையில் ‘கேபினெட்’ என்றே கேளுங்கள், அவர்களுக்குப் புரிந்தாக வேண்டும். முன்பக்கம் வலையா, 140 மி.மீ. விசிறி ஏறுமா, வடிகட்டி கழலுமா, நீங்கள் நினைத்திருக்கும் கிராபிக்ஸ் கார்டின் நீளம் கொள்ளுமா என்பதைப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போகலாம்.