கேரவன் ஏன் ஒழுகுகிறது?

சென்னையில் கேரவன் என்றால் சுற்றுலா யாருக்கும் நினைவுக்கு வராது. சாலிகிராமத்திலோ வடபழனியிலோ பாதித் தெருவை அடைத்துக்கொண்டு, ஜெனரேட்டர் உறும நிற்கும் நீள வண்டிதான் நமக்குக் கேரவன். அமெரிக்காவில் அது நடுத்தரக் குடும்பத்தின் விடுமுறை வீடு. காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லராகவும் கிடைக்கும், தானே ஓடும் வண்டியாகவும் கிடைக்கும். வாங்கிய முதல் ஆண்டிலேயே கூரை ஒழுகுகிறது, அலமாரிக் கதவு கழன்று விழுகிறது, சுவர் உப்புகிறது என்ற புலம்பல் அங்கே வெகுகாலமாக உண்டு. கோவிட் காலத்துக்குப் பிறகு அது இன்னும் கூடிவிட்டது.

மட்டமான சரக்கு, அலட்சியமான ஆள் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் பழுதான வண்டியைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் தகடு உடைந்திருக்காது, சட்டமும் முறிந்திருக்காது. தகடும் சட்டமும் சேருகிற இடம்தான் விட்டுப்போயிருக்கும். அந்த ஜாயின்டுக்கு எவ்வளவு நேரம் செலவழித்தார்கள் என்பதில்தான் தரம் இருக்கிறது.

முதலில் சுவரைப் பார்ப்போம். விலை குறைந்த டிரெய்லர்களில் மரச்சட்டம் கட்டி, மேலே நெளிவு வைத்த மெல்லிய அலுமினியத் தகட்டை அடிப்பார்கள். சற்று விலை கூடியவற்றில் அலுமினியக் குழாய்ச் சட்டத்தின் இடைவெளிகளைத் தெர்மாகோலால் நிரப்பி, இருபுறமும் ‘லுவான்’ எனப்படும் மெல்லிய பிளைவுட்டும், வெளிப்பக்கம் ஃபைபர் தகடும் வைத்துப் பசையால் ஒட்டுவார்கள். ஒட்டியபின் இது எடை குறைந்த, விறைப்பான, பார்க்க வழவழவென்று அழகான பலகை. உலர்ந்திருக்கும்வரை ஒரு குறையும் சொல்ல முடியாது.

இதற்குள் தண்ணீர் எப்படிப் போகிறது? கூரையில் ஏ.சி.க்கும் காற்றுப்போக்கிக்கும், பக்கச் சுவரில் ஜன்னலுக்கும் கதவுக்கும் விளக்குக்கும் ஓட்டை வெட்டித்தான் ஆகவேண்டும். ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பிலும் பியூட்டைல் டேப் என்கிற ஒட்டும் ரப்பர் பட்டையோ, சந்தை அடைக்கும் பசையான சீலன்டோ காவல் நிற்கிறது. அதில் ஓர் இடத்தில் 0.1 மி.மீ. இடைவெளி விழுந்தது என்று வையுங்கள். சாதாரண ஏ4 தாளின் கனம்தான் அது, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இரண்டு பரப்புகளுக்கு நடுவே அவ்வளவு குறுகிய சந்து கிடைத்தால், நுண்புழை விசையால் தண்ணீர் சுமார் 15 செ.மீ. உயரம் வரை தானாகவே மேலே ஏறும். கீழ்நோக்கித்தானே சாய்த்து வைத்திருக்கிறோம் என்ற தைரியம் இங்கே செல்லாது.

வண்டி ஓடும்போது நிலைமை இன்னும் மோசம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று முகப்பின் மீது தரும் அழுத்தம் சுமார் 300 பாஸ்கல். 3 செ.மீ. உயரத் தண்ணீரைத் தாங்கி நிறுத்த அது போதும். 100 கி.மீ. என்றால் கிட்டத்தட்ட 4.7 செ.மீ. ஆக, நின்றபடி மழையில் நனையும் வீட்டுக்கும், மழைக்குள் பாய்ந்து போகும் வீட்டுக்கும் ஒரே சீலிங் போதாது. வீடு கட்டும் ஜன்னல் நுட்பத்தை அப்படியே வண்டிக்குக் கொண்டுவந்தால் சறுக்குவது இதனால்தான்.

அடுத்தது வெயில். 6 மீட்டர் நீள அலுமினியம் 40 டிகிரி சூடேறினால் ஐந்தரை மி.மீ. நீளும். அதே நீள இரும்பு மூன்று மி.மீ.கூட நீளாது. இரண்டையும் சேர்த்து முடுக்கியிருந்தால் இரண்டரை மி.மீ. வித்தியாசத்தை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். நல்ல சீலன்ட் ரப்பராக இழுபட்டு அதை வாங்கிக்கொள்ளும். மெல்லிசாகத் தடவிய சீலன்ட் ஓரத்தில் கிழியும். சென்னையில் மே மாத மதியம் ஒரு தகர மேற்கூரையைத் தொட்டுப் பார்த்தவருக்கு 40 டிகிரி ஏற்றம் மிகை என்று தோன்றாது. பகலில் நீண்டு இரவில் சுருங்கும் இந்த ஆட்டம் ஆண்டுக்கு 365 முறை நடக்கிறது.

உள்ளே போன தண்ணீர் வெளியே வராது என்பதுதான் கொடுமை. ஃபைபர் தகடு ஈரத்தை விடாது, உள்பக்க வினைல் தாளும் விடாது. நடுவில் மாட்டிய பிளைவுட் ஊறுகிறது. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சைக்கு அங்கே வாழ்வில்லை. 28, 30-ஐத் தாண்டினால் அதற்குக் கொண்டாட்டம். பிளைவுட்டின் அடுக்குகள் பிரிய, வெளித்தகடு பூரி போல உப்பிக்கொண்டு வரும். கண்ணுக்கு உப்பல் தெரியும்போது உள்ளே சேதம் எப்போதோ பரவியிருக்கும். சிலர் இப்போது லுவானுக்குப் பதில் பாலிபுரோப்பிலீனும் கண்ணாடி இழையும் கலந்த, அழுகாத பலகையைப் போடுகிறார்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் பலகை அழுகாது என்பதால் தண்ணீர் உள்ளே வருவது நின்றுவிடாது.

குலுக்கலையும் சொல்ல வேண்டும். போல்ட் ஏன் தானாகக் கழல்கிறது என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் தெளிவாகக் காட்டினார். மரையின் நீளவாக்கில் இழுப்பதைவிட, குறுக்குவாக்கில் சிறிது சிறிதாக நழுவவிடுவதுதான் போல்ட்டை வேகமாகச் சுழற்றிக் கழற்றும். வண்டிச் சுவர் பக்கவாட்டில் ஆடும்போது நடப்பது இதுதான். கேரவனுக்குள் பெரும்பாலும் போல்ட்கூடக் கிடையாது, ஒன்றரை அங்குல மரச்சட்டத்தில் ஏற்றிய ஸ்க்ரூவும் ஸ்டேப்பிள் பின்னும்தான். ஈரம் பட்ட மரத்தில் ஸ்க்ரூவின் பிடி தளரும், தளர்ந்தால் ஆட்டம் கூடும், ஆட்டம் கூடினால் சீலன்ட் கிழிந்து இன்னும் ஈரம் வரும்.

இதோடு, நிறுத்திய இடத்தில் சுவரின் ஒரு பகுதி வெளியே நீண்டு அறையைப் பெரிதாக்கும் வசதி ஒன்று 1990-களில் பரவியது. வாங்குபவர் மனதைச் சொக்கவைக்கும் வசதி, பொறியாளருக்குத் தலைவலி. ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி, விளிம்பை நன்றாக ஒட்டி, இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், முரண்டுபிடிக்கும். இப்போது அதை நீளவாக்கில் ஒரே கோடாகக் கிழித்துவிட்டு முறுக்குங்கள். 5 செ.மீ. ஆரமும் 2 மி.மீ. கனமும் உள்ள குழாயை அப்படிக் கீறினால், முறுக்கை எதிர்க்கும் விறைப்பு ஏறக்குறைய 1,900-இல் ஒரு பங்காகிவிடும் என்கிறது கணக்கு. கேரவன் அவ்வளவு மோசமாகாது, ஓட்டையைச் சுற்றிச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் பெட்டியின் பக்கத்தில் மூன்று மீட்டர் ஓட்டை வெட்டினால், பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும் ஒவ்வொரு முறையும் மூலைகள்தான் அடி வாங்கும்.

இதெல்லாம் தெரியாத ரகசியமா? இல்லை. தெரிந்தும் ஏன் நடக்கிறது என்றால் இண்டியானா மாநிலத்துக்குப் போகவேண்டும். அங்குள்ள எல்கார்ட் வட்டாரத்தில்தான் அமெரிக்கக் கேரவன்களில் பெரும்பகுதி தயாராகிறது. தோர், ஃபாரஸ்ட் ரிவர், வின்னபேகோ ஆகிய மூன்று குழுமங்களிடம்தான் சந்தையின் பெரும்பங்கு இருக்கிறது. எல்கார்ட் ஆலைகள் பலவற்றில் கூலி மணிக்கணக்கில் அல்ல, வண்டிக்கணக்கில். விடியுமுன் வேலை தொடங்கும், அன்றைய எண்ணிக்கை முடிந்தால் மதியமே வீட்டுக்குப் போகலாம். தொழிலாளிக்கு நல்ல வருமானம், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டில், ஒரு ஜன்னலைக் கழற்றி டேப்பை மறுபடி ஒட்டும் பத்து நிமிடம் முழு வரிசையின் சட்டைப்பையிலிருந்தும் போகிறது.

ஆனால் பசையோ அதன் நேரத்தில்தான் காயும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டிப்படும் பாலியூரித்தேன் சீலன்ட், நாளொன்றுக்கு சுமார் 3 மி.மீ. ஆழம்தான் காயும். தூசி படிந்த பரப்பில் அது ஒட்டாது, துடைக்க ஒரு நிமிடம் வேண்டும். கட்டும் முறையும் உதவுவதில்லை. தரைமேல் அலமாரி, குழாய், குளியலறை எல்லாம் வைத்து முடித்த பிறகே பக்கச் சுவரை நிறுத்துகிறார்கள். கட்டுவதற்கு வேகம், ஆனால் அலமாரிக்குப் பின்னால் ஒரு குழாய் மூட்டு கசிந்தால் மெக்கானிக் அதைத் தொடவே அரைநாள் பிரிக்கவேண்டும்.

இந்த அமைப்பின்மேல் 2021 வந்து விழுந்தது. விமானத்துக்கும் ஹோட்டலுக்கும் பயந்தவர்கள் கேரவன் வாங்க வரிசையில் நின்றார்கள். 2020-இல் ஆலைகளிலிருந்து ஷோரூம்களுக்குப் போன வண்டிகள் சுமார் 4.3 லட்சம், 2021-இல் 6 லட்சத்துக்கு மேல். அந்தத் துறை அதுவரை காணாத எண்ணிக்கை. புதிய ஆட்கள், கிடைத்த உதிரிபாகம், அதே கடிகாரம். 2023-இல் எண்ணிக்கை சுமார் 3.1 லட்சமாகச் சரிந்தது. அவசரத்தில் கட்டியவை இப்போது உத்தரவாதம் முடிந்து சாலையில் ஓடுகின்றன. இது முதல் முறையும் அல்ல. 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பின் வீடிழந்தவர்களுக்காக அமெரிக்க அரசு லட்சத்துக்கும் மேற்பட்ட டிரெய்லர்களை வாங்கியது. 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் அவற்றில் 519 வண்டிகளைச் சோதித்தபோது, உள்ளே இருந்த காற்றில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு சராசரியாக நூறு கோடியில் 77 பங்கு இருந்தது. சாதாரண வீடுகளில் இருப்பதைவிட அது மிக அதிகம். அதன் முக்கிய ஊற்று, மரப்பலகைகளை ஒட்டிய பசை.

‘அந்தக் காலத்து வண்டி கெட்டி’ என்ற பேச்சை மட்டும் நான் முழுதாக நம்பமாட்டேன். 1970-களின் டிரெய்லர்களும் ஒழுகின. ஒழுகியவை அழுகி எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன, தப்பியவைதான் இன்று நம் கண்ணில் படுகின்றன. ஆனால் அன்றைய பெட்டிகளில் ஓட்டை குறைவு, நீளும் அறை கிடையாது, சிறிய காரே இழுக்கவேண்டும் என்பதற்காகக் கனத்தைச் சுரண்டும் நெருக்கடியும் இந்த அளவுக்கு இல்லை. தவறைப் பொறுத்துக்கொள்ளும் இடம் சுருங்கியிருக்கிறது.

கார் மாதிரி ஏன் செய்யக்கூடாது என்று கேட்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் ஆலை ஆண்டுக்கு 7 லட்சத்துக்கும் மேல் கார்கள் செய்யும் திறன்கொண்டது. அமெரிக்கக் கேரவன் துறையின் உச்ச ஆண்டு மொத்தமும் அந்த ஓர் ஆலைக்குள் அடங்கிவிடும்! அங்கே எண்ணிக்கை சில மாடல்களில் குவிகிறது, கேரவனிலோ நூற்றுக்கணக்கான மாடல்களாகச் சிதறுகிறது. ரோபோ வைத்து வெல்டிங் செய்யக் கட்டுபடியாகாது, கையால்தான் வெட்டவேண்டும். ஆனால் கார் ஆலையில் வரிசையின் கடைசியில், வண்டி ஒழுகுகிறதா என்று தண்ணீர் பாய்ச்சிப் பார்க்கும் ஷவர் அறைக்கு ரோபோ தேவையில்லை, தண்ணீர் போதும்.

நம் ஊர்ப் பட்டறைகள் வேறு வகை. வேன், பேருந்துச் சேஸிஸ் வாங்கி, இரும்புக் குழாய்ச் சட்டம் கட்டி, அலுமினியத் தகடு ரிவிட் அடித்து, உள்ளே பிளைவுட் வேலை செய்வார்கள். எண்ணிக்கை குறைவு, ஆர்டர் கொடுத்தவர் பட்டறையிலேயே வந்து நிற்பார், ஒழுகினால் அதே வாசலுக்கே வண்டி திரும்பிவரும். இந்தக் கடைசி விஷயம் எந்த ஐ.எஸ்.ஓ. சான்றிதழுக்கும் குறைந்ததல்ல. ஆனால் ஈ.சி.ஆர். காற்றில் உப்பு இருக்கிறது. இரும்பு ஸ்க்ரூவும் அலுமினியத் தகடும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அங்கே ஒரு குட்டி பேட்டரி உருவாகி, அலுமினியம் அரிக்கப்படும். ஐப்பசி மழையில் ஈரத் தகட்டின் மேலேயே பாலியூரித்தேன் தடவினால், ஈரத்தோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு குமிழி விட்டு உள்ளே பொத்தலாகும்.

புதிதாக ஒரு கேரவன் வாங்கப்போகிறவர் சோபாவின் தோலைத் தடவிப் பார்ப்பதைவிட இப்படிச் செய்யலாம்: கதவு ஜன்னல்களை மூடி, கூரைக் காற்றுப்போக்கியில் ஒரு புளோயரை வைத்து உள்ளே காற்றழுத்தம் ஏற்றச் சொல்லுங்கள். வெளியே ஒவ்வொரு விளிம்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வாருங்கள். நுரை பொங்கும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்பு இதைச் செய்தால் பட்டறைக்காரர் முகம் சுளிப்பார், வட்டங்களையும் அடைப்பார்.