தேறிய போன் எப்படித் தோற்றது?

2023 செப்டம்பர் 12 அன்று, ஐபோன் 12 விற்பனையை நிறுத்தச் சொல்லி ஆப்பிளுக்கு உத்தரவிட்டது பிரான்ஸின் அலைவரிசை ஒழுங்குமுறை அமைப்பான ஏ.என்.எஃப்.ஆர். அந்த போன் சந்தைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகப்போகும் நேரம் அது. விற்பனைக்கு முன் சோதனைகளில் தேறிய போன்தான். அப்புறம் என்ன ஆயிற்று?

போன் டவருக்கு அனுப்பும் ரேடியோ அலைகளில் ஒரு பகுதியை நம் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. எக்ஸ்ரே போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் ஆற்றல் இவற்றுக்குக் கிடையாது. ஐயமின்றி நிறுவப்பட்ட விளைவு, திசு சூடாவதுதான். ஒரு கிலோ திசு எத்தனை வாட் உறிஞ்சுகிறது என்ற கணக்கே எஸ்.ஏ.ஆர். இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் உச்சவரம்பு 1.6 வாட். ஐரோப்பாவில் தலைக்கும் உடலுக்கும் 2, கை கால்களுக்கு 4. இந்த எண்களை அப்படியே ஒப்பிடக் கூடாது. நாம் 1 கிராம் திசுவில் சராசரி எடுக்கிறோம், அவர்கள் 10 கிராமில். அதிகத் திசுவில் சராசரி எடுத்தால் உச்சம் அமுங்கிவிடும். ஆகவே நம் விதி, பார்வைக்குத் தெரிவதைவிடக் கடுமையானது.

அளக்கும் முறை அழகானது. மனிதத் தலை வடிவில் ஒரு பிளாஸ்டிக் ஓடு. அதற்குள் மூளைத் திசுவின் மின் தன்மையை ஒத்த திரவம். ஓட்டின் கன்னத்தில் போனை ஒட்டிவைத்து, முழு சக்தியில் அலையை அனுப்பச் செய்கிறார்கள். ஒரு ரோபோ கை, மெல்லிய உணரியைத் திரவத்தில் இறக்கி, மின்புலத்தைப் புள்ளி புள்ளியாக அளந்துகொண்டே நகர்கிறது.

சரி, பிரான்ஸ் கதைக்கு வருவோம். கையில் பிடித்திருப்பது போலவும் பாக்கெட்டில் இருப்பது போலவும் ஒட்டிவைத்துச் சோதித்தபோது 5.74 வாட் வந்தது. வரம்போ 4. காரணம், போனுக்குள் இருந்த ஒரு ஏற்பாடு. மேசைமேல் அசையாமல் கிடந்தால், 'உடல் அருகில் இல்லை' என்று முடிவுசெய்து, அனுப்பும் சக்தியை அது சற்று உயர்த்திக்கொள்ளும். சோதனைக்கூடத்திலும் போன் அசைவதில்லையே! பிரான்ஸின் சோதனை முறைதான் வித்தியாசம் என்றது ஆப்பிள். ஆனாலும் அந்த ஏற்பாட்டை நிறுத்தும் மென்பொருள் மாற்றத்தைக் கொடுத்தது.

கை கால்களில் பாதிப்பு தொடங்கக்கூடும் என்று கணிக்கும் 40 வாட்டைப் பத்தால் வகுத்துத்தான் இந்த 4 வந்தது. எனவே 5.74 யாரையும் சுட்டிருக்காது. ஆனாலும் பிரான்ஸ் செய்தது சரி என்பேன். பாதுகாப்புக்காக விட்ட இடைவெளியைக் கம்பெனிகள் தின்ன அனுமதித்தால், விதி எதற்கு?

புற்றுநோய் பயம்? 2011-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இந்த அலைகளை, 'புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பிருக்கலாம்' என்ற 2பி பிரிவில் வைத்தது. உலக சுகாதார நிறுவனத்துக்காக நடந்து 2024-ல் வெளிவந்த பெரிய மதிப்பாய்வில், போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை.

பல போன்களில் *#07# அழுத்தினால் எஸ்.ஏ.ஆர். எண் வரும். அது முழு சக்தியில் அளந்தது. 0.9 உள்ள போன் 1.2 உள்ளதைவிட நல்லது என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. டவர் அருகில் இருந்தால் போன் தன் சக்தியை வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். லிஃப்டுக்குள், ஓடும் ரயிலில், ஒரு கோடு சிக்னலில் உச்சத்துக்கு ஏற்றும். அங்கே நீண்ட நேரம் பேச வேண்டியிருந்தால் ஸ்பீக்கரில் போட்டு, போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். சில சென்டிமீட்டர் விலகினாலே உறிஞ்சுவது மளமளவெனக் குறைந்துவிடும்.