ஆமை தொட்டிக்கு ஏற்றபடி வளராது

கையகல பிளாஸ்ரிக் கிண்ணம், நடுவில் பிளாஸ்ரிக் தென்னைமரம், அடியில் இரண்டு விரல் தண்ணீர். சிவப்புக்காது ஆமைக் குஞ்சை விற்கும்போது இதையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். கொஞ்சக் காலம் போக, அதே கிண்ணத்தோடு அதே ஆமை சிகிச்சைக்கு வருகிறது. இரண்டு கண்ணும் வீங்கி ஒட்டியிருக்கும். முதுகோட்டின் பின்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்தினால் வளையும். சாப்பாடு என்னவென்று கேட்டால் காய்ந்த இறால் மட்டும். கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் இது அலுத்துப்போகுமளவுக்கு நடப்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

கொண்டுவருபவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: “தொட்டி சின்னனெண்டால் ஆமையும் சின்னனாத்தான் நிக்கும் எண்டு கடையில சொன்னவை.” இல்லை. ஆமை எவ்வளவு வளரும் என்பது அதன் இனத்தையும் அது ஆணா பெண்ணா என்பதையும் பொறுத்தது. சிறிய தொட்டியில் வளர்ச்சி குறைவதற்குக் காரணம் வேறு. தன் கழிவிலேயே ஊறிக்கிடக்கிறது, நீந்த இடமில்லை, வெயில் இல்லை, கல்சியம் இல்லை. ஆமையின் ஓடு வெளியே கவிழ்த்த மூடி அல்ல. முள்ளந்தண்டும் விலா எலும்பும் சேர்ந்ததே அது. எலும்பு வளரத் தேவையானது கிடைக்காவிட்டால் ஓடு மென்மையாகும், கோணலாகும், பிறகு நிமிராது. போசாக்கில்லாமல் குன்றிப்போன பிள்ளையைப் பார்த்து, “வீடு சின்னன், அதுதான் பிள்ளையும் சின்னன்” என்று சொல்வோமா? ‘அளவாக நிற்கிறது’ என்று நீங்கள் நினைக்கும் ஆமை நோயாளி.

ஒழுங்காக வளர்ந்தால் பெண் ஆமை 25 முதல் 30 சென்ரிமீற்றர் வரை வரும், ஆண் 20 அளவில் நிற்கும். இருபது, முப்பது வருடம் இருக்கும். ஓடு 10 சென்ரிமீற்றர் ஆகும்வரை ஆணா பெண்ணா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே பெண் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

கணக்கு இதுதான். ஓட்டின் நீளத்தை முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை நேராக அளவுங்கள், வளைவோடு அல்ல. ஒரு சென்ரிமீற்றருக்கு 15 லீற்றர் தண்ணீர். 25 சென்ரிமீற்றர் ஆமைக்கு 375 லீற்றர். தொட்டியின் கொள்ளளவை அல்ல, உள்ளே நிற்கும் தண்ணீரையே கணக்கெடுக்க வேண்டும். நீர் ஆழம் ஓட்டின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். ஆழமில்லாத நீரில் கவிழ்ந்த ஆமையால் திரும்பிப் புரள முடியாது. தொட்டியின் நீளம் ஓட்டைப் போல நான்கு மடங்கு, அகலம் இரண்டு மடங்கு. இரண்டாவது ஆமை வேண்டுமென்றால் தண்ணீரில் இன்னும் பாதி கூட்டுங்கள். ஆனால் வேண்டாம், கடிபடுவார்கள்.

இந்த அளவுக்குக் கண்ணாடித்தொட்டி செய்தால் செலவு அதிகம், தண்ணீர் மட்டுமே நானூறு கிலோவுக்குக் கிட்ட வரும். சாதாரண மேசை தாங்காது. வன்னியில் வளவு இருக்கிறது, வெயில் இருக்கிறது. சீமெந்துத் தொட்டி கட்டுங்கள். 5 அடி நீளம், இரண்டரை அடி அகலம், ஒன்றேகால் அடி தண்ணீர் என்றால் ஏறக்குறைய 440 லீற்றர். 4 அடி விட்டமுள்ள கிணற்று வளையத்துக்கு அடி போட்டாலும் அதே ஆழத்தில் அதே அளவு தண்ணீர் பிடிக்கும். சுவர் நீர்மட்டத்துக்கு மேல் ஒரு அடியாவது நிற்க வேண்டும், மூலையில் ஆமை தொற்றி ஏறும். காகம், கீரி, உடும்பு, நாய் எல்லாம் வரும், மேலே கம்பிவலை கட்டாயம். கழுவிவிட அடியில் ஒரு குழாய் வைத்துவிட்டால் பிறகு உங்கள் முதுகு தப்பும். புதுச் சீமெந்தில் உடனே விடாதீர்கள். சுண்ணாம்பு இறங்கித் தண்ணீர் காரமாகும். இரண்டு மூன்று கிழமை நிரப்பி நிரப்பி இறைத்துவிட்டுப் பிறகு விடுங்கள்.

ஏறிக் காய ஒரு கல்மேடு, ஏறும் சரிவு வழுக்காமல் சொரசொரப்பாக. ஓடு முழுதாகக் காய வேண்டும், இல்லையேல் அழுகும். தொட்டியின் மூன்றிலொரு பங்காவது எப்போதும் நிழலில் இருக்கட்டும். பங்குனி, சித்திரை வெயிலில் ஆழமில்லாத தண்ணீர் மத்தியானத்துக்குள் கொதித்துப்போகும், ஆமை செத்துவிடும். யன்னல் கண்ணாடிக்குள்ளால் வரும் வெயிலை வெயிலென்று நினைக்க வேண்டாம். எலும்புக்குத் தேவையான புறஊதாக் கதிரைக் கண்ணாடி மறித்துவிடும்.

பில்ரர் வாங்குவதாக இருந்தால், பெட்டியில் எழுதியிருக்கும் அளவு மீனுக்கானது. உங்கள் தண்ணீரைப் போல இரண்டு மூன்று மடங்குக்கு ஏற்றதை எடுங்கள். தண்ணீர் மாற்றும்போது வாளியைக் குசினிச் சிங்கில் கழுவாதீர்கள். சல்மொனெல்லா கிருமி ஆரோக்கியமான ஆமையிலும் இருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கல்சியம் கூடியது, ஓட்டில் வெள்ளையாகப் படியும். அதைப் பூஞ்சணம் என்று நினைத்து மருந்து பூசிக் கொண்டுவராதீர்கள். நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்து, அடியில் ஓடு கடினமாக இருந்தால் அது உப்புப் படிவு. மணத்து, பள்ளம் விழுந்தால் உடனே வாருங்கள்.

வாய்க்காலில் பிடித்த பாலாமையையும் கறுப்பு ஆமையையும் இதே தொட்டியில் போடக் கேட்கிறார்கள். அவை வனசீவராசிகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, பிடித்த இடத்திலேயே விடுங்கள். அலுத்துப்போன சிவப்புக்காது ஆமையை இரணைமடுக் குளத்திலோ வவுனிக்குளத்திலோ விடுவது அதைவிடக் கெடுதி. அது அமெரிக்காவிலிருந்து வந்த இனம், உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் இனங்களில் ஒன்றாகப் பட்டியலிடப்பட்டது. எங்கள் ஆமைகளின் இரையையும் காயும் இடத்தையும் பறித்துவிடும். தயவுசெய்து விடாதீர்கள், வளர்க்கக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள்.

இப்போது கிண்ணத்தில் வைத்திருப்பவர்கள் தொட்டி கட்டி முடியும்வரை காத்திருக்க வேண்டாம். 100 லீற்றர் பிளாஸ்ரிக் தொட்டி ஒன்றை இன்றே எடுங்கள், நான்கு செங்கல் அடுக்கி மேடு வையுங்கள், காலை வெயிலில் அரை மணி நேரம், பாதி நிழலோடு. காய்ந்த இறாலை நிறுத்தி வல்லாரை, பொன்னாங்காணி, முள்ளோடு சின்ன மீன் கொடுங்கள். கண் ஒட்டியிருந்தால் கண்மருந்து எதையும் நீங்களே விடாமல் கொண்டுவாருங்கள்.