பிள்ளைகள் உள்ள வீட்டின் அஸ்வெசும: அரசு நிறுத்தலாமா?

எல்லாப் பிள்ளைகளுக்கும் மாதாமாதம் அரசு காசு கொடுக்கிற நாடுகள் உண்டு. இலங்கையில் அப்படி ஒன்று இல்லை. பால்மாவுக்கும் கொப்பிக்கும் ஏழை வீடுகள் நம்பியிருப்பது அஸ்வெசும என்ற அரசின் நலன்புரிக் கொடுப்பனவைத்தான். திருகோணமலை மாவட்டத்தின் மூதூரிலும் வெருகலிலும் தாய்மார் கேட்பது ஒன்றுதான்: வந்துகொண்டிருந்த காசை அரசு நிறுத்தலாமா?

தொகையைக் கூட்டவும் குறைக்கவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. திட்டம் நடப்பது 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ். மிக வறிய குடும்பத்துக்கான மாதம் 15,000 ரூபாய் 2025 ஜனவரியில் 17,500 ஆனது. நாளைக்குக் குறையவும் கூடும். பிள்ளைகளின் நலனை விசேடமாகக் கவனிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு வழக்குப் போட 29ஆம் உறுப்புரை இடம் தராது.

உங்கள் ஒரு குடும்பத்தை மட்டும் காரணம் சொல்லாமல் வெட்டுவது வேறு விடயம். அங்கே 12(1) உறுப்புரையின் சமத்துவ உரிமை பேசும்.

நான் பார்த்த வெட்டுகளில் பல, குடும்பத்தின் வசதியை அளக்கும் கணக்கெடுப்புப் படிவத்திலேயே தொடங்கியவை. ஒரே வளவில் தாய் தகப்பனும் மகள் குடும்பமும் இருப்பார்கள், மின்சார மீற்றர் ஒன்று. அலகு முழுவதும் பில்லில் பெயர் உள்ளவரின் தலையில் விழும். லீசிங்கில் ஓடுகிற ஆட்டோ சொந்தச் சொத்தாகப் பதிவாகும். கணக்கெடுப்புக்குப் பிறகு பிறந்த பிள்ளையை யாரும் சேர்த்திருக்கமாட்டார்கள். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் இன்னொரு எழுத்து. இவற்றை இன்றைக்கே சரிபாருங்கள்.

பிறகு அலைச்சல். கிராம அலுவலர் சமுர்த்தி உத்தியோகத்தரிடம் அனுப்புவார், அவர் பிரதேச செயலகத்துக்கு அனுப்புவார். ஒரு தாயோடு கவுண்டரில் நானும் நின்றேன். இடுப்பில் பிள்ளை, கையில் பொலித்தீன் பைக்குள் வங்கிப் புத்தகம். "சிஸ்டத்துல உங்கட பேர் விழுகுதில்ல அக்கா, கொழும்புலதான் கேக்கணும்." அவ்வளவுதான். பஸ்ஸுக்குக் கடன் வாங்கி வந்தவளின் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. வாயால் சொன்ன பதிலை வைத்து எங்கே முறையிடுவது?

ஆகவே எழுத்தில் கேளுங்கள். எந்தத் திகதியிலிருந்து, எந்தக் காரணத்தால், யாருடைய தீர்மானத்தால் நிறுத்தினார்கள் என்று ஒரு கடிதம் கொடுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தாமல் திரும்பவேண்டாம். மூலப் பத்திரத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தகவலைக் கொடுப்பதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். சிங்களத்தில் கடிதம் வந்தால் தமிழில் கேளுங்கள். கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி, அது சலுகை அல்ல.

முறையீட்டுக்குக் காலம் அறிவிக்கும்போது பெயர்ப் பட்டியலை நீங்களே போய்ப் பாருங்கள். வீட்டுக்கு வந்து யாரும் சொல்லமாட்டார்கள்.

பலரும் கோட்டைவிடுவது ஒரு மாதக் கெடுவை. அடிப்படை உரிமை மீறலுக்குக் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் உண்டு. "அடுத்த மாசம் வாங்க" என்ற பேச்சை நம்பி அந்த மாதத்தைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர். கொழும்புக்குப் போக வசதியில்லாவிட்டால், அந்த மாதத்துக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது. விசாரணை தொடங்கியதற்கு எழுத்துமூலச் சான்று வாங்குங்கள், முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாமல் போகலாம்.

முறைப்பாட்டில் ஒரு வரியை மறக்காமல் சேருங்கள்: பிள்ளைகள் தொடர்பான எல்லா விடயங்களிலும் பிள்ளையின் நலனே முதன்மை என்று 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க, குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் (ICCPR) சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டிலுள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் வயதையும் அதற்குக் கீழே எழுதி, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளை இணையுங்கள்.