ஜீனஸ்: சாதியா, பேரினமா?

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகள் போன கிழமை இரண்டு புத்தகங்களை என் முன்னால் விரித்து வைத்தாள். ஒன்று இங்கத்தை இலங்கைப் பாடநூல், மற்றது தமிழ்நாட்டுப் பாடநூல். "அப்பா, இதில சாதி, இனம் எண்டு கிடக்கு. அதில பேரினம், சிற்றினம் எண்டு கிடக்கு. ரெண்டும் ஒண்டா?"

ஒன்றுதான். சாதியும் பேரினமும், நெருங்கிய உயிர்வகைகளைச் சேர்த்த கூட்டமான ஜீனஸைக் குறிக்கின்றன. இனமும் சிற்றினமும் அந்தக் கூட்டத்துக்குள் அடங்கும் தனி உயிர்வகையான ஸ்பீசிஸைக் குறிக்கின்றன. ஆனால் எந்தச் சொல் நல்லது என்று அவள் கேட்டபோது பதில் சொல்ல இரண்டு நாள் எடுத்தது.

ஜீனஸ் லத்தீன் சொல். பிறப்பு, குலம், வகை என்று பொருள். கிரேக்கத்தில் அது கெனோஸ். இவற்றின் மூல வேரிலிருந்தே, 'பிறத்தல்' என்ற பொருளுடைய சமஸ்கிருத 'ஜன்' என்பதும் வந்தது. அந்த 'ஜன்'னில் பிறந்தது ஜாதி, அதன் தமிழ் வடிவம் சாதி. ஆக, ஜீனஸும் சாதியும் மொழிக் குடும்பத்தில் ஒன்றுவிட்ட உறவுக்காரர். நம் பாடநூலுக்குச் சொல் தேடியவர்கள் ஏனோதானோ என்று இதைப் போட்டுவிடவில்லை. தொல்காப்பிய மரபியலிலும் 'நீர்வாழ் சாதி' என்று வருகிறது. அங்கே அது உயிர்களின் கூட்டம், அவ்வளவுதான்.

ஸ்பீசிஸ் வேறு வழியில் வந்தது. 'பார்த்தல்' என்ற லத்தீன் வினையிலிருந்து, தோற்றம் என்ற பொருளில். பொதுவகையைக் கெனோஸ் என்றும் அதற்குள் அடங்கும் தனிவகையை எய்டோஸ் என்றும் அரிஸ்டாட்டில் பிரித்தார். எய்டோஸுக்கும் தோற்றம் என்றே பொருள். தருக்கத்தில் புழங்கிய இந்த இணையை உயிரியலார் எடுத்துக்கொண்டார்கள். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753இல் தாவரங்களுக்கும் 1758இல் விலங்குகளுக்கும் இரண்டு சொல்லில் பெயரிடும் முறையை நிலைநிறுத்தினார். இன்றும் ஒரே உயிருக்கு வைத்த பெயர்களில் எது முந்தியது என்ற முன்னுரிமை பெரும்பாலும் அந்த ஆண்டுகளிலிருந்தே கணக்கிடப்படுகிறது.

இரண்டு சொல் என்றால் எப்படி? திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது கோட்டைக்குள் நம் கையிலிருந்து வாழைப்பழத் தோலைப் பறிக்க வரும் புள்ளிமானை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அதற்கு வைத்த பெயர் செர்வஸ் அக்சிஸ். பிறகு அது அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல என்று பிரித்தெடுத்தார்கள். இப்போது அக்சிஸ் அக்சிஸ். ஜீனஸைச் சொல்லும் முன்சொல் மாறியது, அதற்குள் பிரித்தறியும் பின்சொல் கூடவே வந்துவிட்டது. இரண்டும் ஒரே சொல்லாக அமைவதை விலங்கியல் விதி ஏற்கும், தாவரவியல் விதி ஏற்காது.

இந்த முறை நமக்குப் புதிதல்ல என்பதைக் காலையில் மீன் வாங்கப் போகிற எவரும் அறிவார். மஞ்சள் பாரை, கண்ணாடிப் பாரை, வட்டப் பாரை. பால் சுறா, கொம்பன் சுறா. கூட்டத்துக்கு ஒரு சொல், அதற்குள் பிரித்தறிய ஒரு சொல். லத்தீனில் கூட்டத்தின் பெயர் முன்னே நிற்கும், தமிழில் பின்னே நிற்கும். ஆனால் பாரை என்ற ஒரு சொல்லுக்குள் உயிரியலாரின் பல ஜீனஸ்கள் அடங்கும். அந்த அளவுக்கு மீனவர் பிரிக்கத் தேவையிருக்கவில்லை.

சரி, எந்தச் சொல்? சாதியின் வேர் பொருத்தமானது என்றாலும் அதை நான் விடச் சொல்வேன். மனிதரை மேல், கீழ் என்று அடுக்கிய சொல்லை ஒரு பிள்ளை வகுப்பில் மானுக்கும் மரத்துக்கும் சொல்லிப் பழக வேண்டாம். அதே பட்டியலில் ஜீனஸுக்கு மேல்நிலையில் வரும் பெரிய கூட்டமான ஓடருக்கு 'வருணம்' என்றும் இருப்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. பேரினம் அழகான சொல். பல இனங்களை உள்ளடக்கியது என்று பார்த்தவுடனே புரியும்.

சிற்றினத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. திருக்குறளின் 46ஆம் அதிகாரம் சிற்றினஞ்சேராமை. அங்கே சிற்றினம் என்பது சிறுமைக் குணமுள்ளோரின் கூட்டம். ஏற்கெனவே பொருள் ஏறிய சொல்லை யானைக்கும் நீலத் திமிங்கிலத்துக்கும் ஏன் சூட்ட வேண்டும்? நம் பாடநூலின் 'இனம்' போதும். அதிலிருந்து துணையினம், கலப்பினம், அருகிவரும் இனம் எல்லாம் இலகுவாகக் கிளைக்கும். ஆகவே அவர்களிடமிருந்து பேரினம், எங்களிடமிருந்து இனம்.

மகளிடம் இதைச் சொன்னேன். பரீட்சையில் சாதி என்றே எழுதச் சொன்னேன், புள்ளி போய்விடக் கூடாது. அப்புறம் அவள் கொப்பியில் எழுதிக் காட்டினாள்: "புள்ளிமான். பேரினம்: அக்சிஸ். இனம்: அக்சிஸ்." கடைசிச் சொல்லைத் திருத்தினேன். இனத்தின் பெயர் எப்போதும் இரண்டு சொல்லும் சேர்ந்தது: அக்சிஸ் அக்சிஸ்.