பூசணம் பிடித்தால் விலை ஏறும் திராட்சை

“பூசணம் பிடித்த திராட்சையில் ஒயின் செய்கிறார்களாமே, புளுகுதானே?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

புளுகு இல்லை. பிரான்சின் போர்தோ நகருக்குத் தென்கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் சோத்தேர்ன் என்றொரு பகுதி. பொன்னிறமாய், தேனாய் இனிக்கும் அதன் ஒயினுக்கு முதலீடே பூசணம்தான். பொட்ரைட்டிஸ் சினேரியா என்று பெயர். உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். போன மாதம் எங்கள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மறந்துபோன திராட்சைக் கொத்து சாம்பல் பஞ்சு போர்த்திக் கிடந்தது. குளிருக்கு அசராத இந்தப் பூஞ்சையின் கைவரிசையாகத்தான் இருக்கும்.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் தருவது பள்ளிப் பாடம். அதற்கு முன்னால் கொடியிலேயே நடப்பதுதான் வேடிக்கை.

சிரோன் என்பது மர நிழலில் ஓடிவரும் குளிர்ந்த சிற்றாறு. அது வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் கலக்கும் இடத்தில், இலையுதிர்கால இரவுகளில் மூடுபனி எழுந்து தோட்டங்களை மூடிவிடும். விடிகாலை ஈரத்தில் பூஞ்சையின் வித்துகள் முளைக்கின்றன. செமியோன் ரகத் திராட்சைக்குத் தோல் மெல்லியது. பூஞ்சை நொதிகளைச் சுரந்து அந்தத் தோலைக் கரைத்து, நுண்ணிழைகளை உள்ளே செலுத்துகிறது. பழம் கிழிவதில்லை, தோல் சல்லடையாகிவிடுகிறது, அவ்வளவுதான். மதியம் வெயில் வந்து பனி விலகியதும், அந்தத் துளைகள் வழியே பழத்தின் நீர் ஆவியாகிறது. காலையில் பூஞ்சையின் முறை, மதியம் வெயிலின் முறை. பழம் பழுப்பேறி, சுருங்கி, உலர்திராட்சை மாதிரி ஆகிவிடும். பகலிலும் ஈரம் நின்றால் கதையே வேறு: அதே பூஞ்சை கொத்தை அழுகவைத்துவிடும்.

சும்மா வெயிலில் காயவைத்தால் போதாதா? போதாது. நீர் குறையும்போது சர்க்கரையோடு புளிப்பும் ஏறும். பூஞ்சையோ சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்றாலும், புளிப்பைத் தரும் டார்டாரிக் அமிலத்தை இன்னும் ஆசையாகத் தின்கிறது. போதாக்குறைக்கு, லேசாக இனிக்கும் கிளிசரால் என்ற வழவழப்பான பொருளையும் விட்டுச் செல்கிறது. திருடன் புளியை எடுத்துக்கொண்டு வெல்லத்தை வைத்துவிட்டுப் போனதுபோல!

அந்தச் சாறில் ஈஸ்ட் படும் பாடு பெரும்பாடு. ஊறுகாயில் உப்பு செய்வதை இங்கே சர்க்கரை செய்கிறது; செல்லிலிருந்து நீரை இழுக்கிறது. ஆல்கஹால் 14 சதவீதத்தை ஒட்டி வரும்போது ஈஸ்ட் ஓய்ந்துவிடும். அப்போதும் லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை மிச்சம்.

‘பிரபு ஊர் திரும்பத் தாமதமானது, அறுவடை தள்ளிப்போனது, அதிர்ஷ்டம் அடித்தது’ என்று சோத்தேர்னில் ஒரு கதை உண்டு. நான் நம்பமாட்டேன். அந்தக் கதைக்கு வெகு முன்பே, ஹங்கேரியின் தொக்காய் பகுதியில் 17-ஆம் நூற்றாண்டிலேயே இப்படி ஒயின் செய்திருக்கிறார்கள். அதிர்ஷ்டக் கதைகள், வருடாவருடம் கொடியைப் பார்த்துக் கற்ற கூலியாட்களின் அறிவை மறைத்துவிடுகின்றன.

அறுவடையைப் பார்த்தால் அந்த அறிவு புரியும். பூஞ்சை எல்லாப் பழத்தையும் ஒரே நாளில் பிடிக்காது. அதனால் வாரக்கணக்கில் ஒரே கொடிக்குத் திரும்பத் திரும்ப வந்து, பதமாகச் சுருங்கியதை மட்டும் கிள்ளுவார்கள். போர்தோ ஒயின்களுக்கான 1855-ஆம் ஆண்டுத் தரவரிசையில் இங்கே தனி உச்சம் பெற்ற ஷத்தோ திக்கெம் தோட்டத்தில், ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் ஒயின்தான் என்பார்கள். 2012-இல் பூஞ்சையும் வெயிலும் ஒத்துப்போகவில்லை. அந்த ஆண்டின் பெயரில் ஒரு பாட்டில்கூட அவர்கள் வெளியிடவில்லை.